இராமநாதபுரம் கடற்கரையில் தொழிலும் தண்ணீரும்

அவைத் தலைவர் அவர்களே, ஐஸ் கம்பெனி, நண்டு பதப்படுத்தும் கூடம், உப்பளம், இறால் பண்ணை, தங்கும் விடுதி என இந்தக் கரையில் தொழில் நடத்தும் பெரியோர்களே, ஊராட்சிகளிலிருந்து வந்திருக்கும் சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம்.

தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடுவது எப்படி என்று பேசும்படி என்னைக் கேட்டிருந்தீர்கள். சிக்கனம் வேண்டியதுதான். ஆனால் தொண்டி முதல் வாலிநோக்கம் வரை நீளும் இந்தக் கரையில் ஒரு தொழிலுக்குத் தண்ணீரால் வரக்கூடிய ஆபத்து பெரும்பாலும் அதன் மதிலுக்கு வெளியேதான், ஊரும் தொழிலும் சேர்ந்து இறைக்கும் மணற்படுகையில்தான் உருவாகிறது. ஆகவே தன் மீட்டரை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் முதலாளி தன் தொழிலைக் காப்பாற்றிக்கொள்ள முடியாது என்பதே இன்று உங்களிடம் நான் சொல்ல வந்தது.

நம் நிலத்தின் இருப்பை முதலில் பார்ப்போம். இந்த மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழை 800 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். அதிலும் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. வைகை பெரும்பாலான ஆண்டுகளில் கடலைத் தொடுவதில்லை. இராமநாதபுரம் பெரிய கண்மாயை எட்டினாலே மகிழ்ச்சி. திருச்சிப் பக்கமிருந்து குழாய் வழியே வரும் காவிரி நீர் மக்கள் குடிப்பதற்காக வகுக்கப்பட்டது. அந்த நீரும் போதாமல், தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு ஊற்றுக்கும் ஊருணிக்கும் பெண்கள் நடக்கும் ஊர்கள் இங்கே இன்னும் இருக்கின்றன. எஞ்சியிருப்பது மணலில் இறங்கிய மழைநீர். கடல்நீரைவிட எடை குறைந்ததால் அந்த நன்னீர், அடியில் கிடக்கும் உப்புநீரின்மேல் மெல்லிய அடுக்காக மிதந்து நிற்கிறது.

இந்த மிதப்பின் கணக்கை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டச்சுக்காரரான கைபன், அடுத்து ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க் என இருவர் தனித்தனியே கண்டறிந்தார்கள். கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீட்டர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். தலைகீழாகப் பார்த்தால்தான் இதன் கடுமை விளங்கும்: மேலே ஒரு மீட்டர் இறைத்துத் தாழ்த்தி, அந்த நிலையிலேயே நெடுநாள் வைத்திருந்தால், அடியில் உப்பு 40 மீட்டர் வரை ஏறி வரும். சக்திமிக்க மோட்டார் ஒன்று ஒரே இடத்தில் இரவு பகலாக ஓடினால், சுற்றுப்புறத்தில் மட்டம் குறைவதற்கு முன்பே அந்தக் குழாயின் நேர் கீழே உப்பு கூம்பாக எழும்பிவிடும். அதனால்தான் 'ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதே' என்று நிம்மதி கொள்ள இங்கே இடமில்லை. தண்ணீர் இருக்கும், அது குடிக்கவும் உதவாது, கொதிகலனுக்கும் உதவாது.

எவ்வளவு உப்பு கலந்தால் கெடும் என்று கேட்பீர்கள். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35,000 மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது. இந்தியத் தர நிர்ணயம் குடிநீருக்கு ஏற்றதாகச் சொல்லும் அளவு 500 மில்லிகிராம். வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. நூறு குடம் நல்ல தண்ணீரில் இரண்டே குடம் கடல்நீர் சேர்ந்தால் லிட்டருக்கு ஏறத்தாழ 700 மில்லிகிராம் கூடிவிடும். நூற்றுக்கு இரண்டு என்பது கண்ணுக்குத் தெரியாத கலப்பு. அதைக் கழுவி வெளியேற்ற எத்தனை பருவமழை வேண்டும் என்பதோ நம் கையில் இல்லை.

இனி ஐஸ் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். ஒரு டன் ஐஸுக்கு ஆயிரம் லிட்டர் நீர் வேண்டும். இயந்திரத்தைக் குளிர்விக்கையில் ஆவியாகிப் போவது தனி. நாளுக்கு 20 டன் ஐஸ் பாளம் எடுக்கும் கம்பெனி, பாளத்துக்கு மட்டுமே 20,000 லிட்டர் இறைக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை இருப்பதால் கோடையின் உச்சத்தில் இறைப்பு தானாகவே தணிகிறது. தடை முடிந்து படகுகள் கடலில் இறங்கியதும் ஐஸின் தேவை ஒரே நாளில் எழும்புகிறது. ஆனால் தென்மேற்குப் பருவம் நமக்கு அதிகம் தராததால், ஜூன் பாதியிலிருந்து அக்டோபர் மழை வரை நிலத்தடி மட்டம் இறங்கிக்கொண்டே போகிறது. தேவை ஏறுகிற, இருப்பு இறங்குகிற அந்த நான்கு மாதங்களே நம் தொழிலின் உண்மையான ஆபத்துக் காலம். ஆண்டுக்கு இத்தனை லட்சம் லிட்டர் என்று மொத்தக் கணக்கு எழுதி வைத்தால் இது கண்ணில் படாது. மாதவாரியாக, முடிந்தால் வாரவாரியாக எழுத வேண்டும். இறைத்த அளவோடு கிணற்றின் மட்டத்தையும், கையடக்க டி.டி.எஸ். மீட்டர் காட்டும் உப்பின் அளவையும் சேர்த்து எழுத வேண்டும்.

கண்மாய்ப் பாசனத்தில் நம் முன்னோர் இதைத்தான் செய்தார்கள். நீர் குறைந்த ஆண்டில் மடைகளைத் திறந்து போடாமல், நீரைப் பங்கிட்டு விடும் ஊர்ப் பணியாளரான நீர்க்கட்டி முன்னின்று, இன்ன வயலுக்கு இன்ன நேரம் என்று முறை வைத்துப் பாய்ச்சினார்கள். ஒரே மணற்படுகையில் இறைக்கும் ஐஸ் கம்பெனிகளும் விடுதிகளும் பதப்படுத்தும் கூடங்களும் ஏன் அப்படி முறை வைத்துக்கொள்ளக் கூடாது? ஒரு பெரிய குழாயை ஓயாமல் ஓட்டுவதைவிட, பல ஆழமற்ற கிணறுகளில் சிறுகச் சிறுக, இடைவெளி விட்டு எடுப்பது உப்பை அடியிலேயே இருத்தும். உப்பின் அளவு ஒரு வரம்பைத் தொட்டால் எல்லோரும் ஒரே விகிதத்தில் குறைத்துக்கொள்வது என்று முன்னமே பேசி எழுதிக்கொள்ள வேண்டும். கிணறு கெட்ட பிறகு பேச்சுக்கு எதுவும் மிஞ்சாது.

ஊராரின் இசைவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேரளத்தின் பிளாச்சிமடையில் 2000இல் தொடங்கிய கோக்கக்கோலா ஆலையின் உரிமத்தை, கிணறுகள் வற்றின, நீர் கெட்டது என்ற மக்களின் போராட்டத்தை அடுத்து 2003இல் பெருமாட்டி ஊராட்சி புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது, மீண்டும் ஓடவில்லை. பணத்துக்கோ தொழில்நுட்பத்துக்கோ குறைவில்லாத நிறுவனம் அது. நம் கடலோரத்துக்கு இன்னும் நெருக்கமானது, காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த இறால் பண்ணை வழக்கு. விளைநிலத்தையும் உப்பளத்தையும் அலையாத்திக் காட்டையும் இறால் குட்டையாக மாற்றக் கூடாது, கெடுத்தவர் இழப்பீடு தர வேண்டும் என்று 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பண்ணைகளை முறைப்படுத்தும் சட்டம் 2005இல்தான் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளின் நிச்சயமின்மையைத் தாங்கியவர்களில் விதிப்படி நடக்க விரும்பியவர்களும் இருந்தார்கள். பக்கத்துக் கிணற்றில் உப்பு ஏறியபோதே அதைத் தன் கணக்கில் ஏற்றியிருந்தால் அந்தத் தொழில் அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டியதில்லை என்றே நான் கருதுகிறேன்.

பங்குச் சந்தையில் உள்ள முதல் 1,000 நிறுவனங்கள் தம் நீர்க் கணக்கை ஆண்டறிக்கையில் வெளியிட வேண்டும் என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி 2022–23 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. உங்களிடம் சரக்கு வாங்கும் பெரிய நிறுவனங்கள் அந்தக் கணக்கை உங்களிடமும் கேட்கும் நாள் வரும்.

ஆர்.ஓ. இயந்திரம் இருக்கிறதே என்பவர்களுக்கு ஒன்று. அது உப்பை அழிப்பதில்லை, பிரித்து ஒதுக்குகிறது. லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் உள்ள நீரில் பாதியை நன்னீராக எடுத்தால், மறுபாதி ஏறத்தாழ 4,000 மில்லிகிராமாக வெளியே வரும். அதைக் கொல்லைப்புறக் குழியில் விட்டால் அதே மணல்வழி இறங்கி உங்கள் குழாய்க்கே திரும்பும். பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் போகும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா இருக்கிறது. பவளப்பாறையும் கடற்புல்லும் வளரும் அந்த ஆழமற்ற நீரில் கண்டபடி கொட்டவும் முடியாது. ஆகவே ஒதுக்குநீருக்கு இடம் தீர்மானித்த பிறகே இயந்திரத்துக்கு முன்பணம் கொடுங்கள்.

ஊருணி தூர்வார நிதி தருபவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் 20 கிலோமீட்டர் உள்ளே ஒரு கண்மாயைத் தூர்வாரினால், இங்கே கரையில் நீங்கள் இறைக்கும் மணல் நிறையாது. உங்கள் கூரையில் விழும் மழையும் ஊர்ப் பொதுக்கூரைகளில் விழும் மழையும் உங்கள் கிணறு இருக்கும் அதே மணலில் இறங்க வேண்டும். இறைத்த இடத்திலேதான் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

வரும் மீன்பிடித் தடைக்காலத்திலேயே இதைத் தொடங்கலாம். மோட்டார்கள் ஓய்ந்திருக்கும் அந்த நாட்களில், ஊர்ப் பெண்கள் தண்ணீர் எடுக்கும் கிணறுகளையும் உங்கள் கிணறுகளையும் சேர்த்து மட்டமும் உப்பும் அளந்து, அந்த எண்களை ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதி வையுங்கள். ஜூன் 15க்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் அதே கிணறுகளில் அளந்து பக்கத்திலேயே எழுதுங்கள். எந்த எண்ணைத் தொட்டால் மோட்டாரைக் குறைப்பது என்பதை ஊராரோடு உட்கார்ந்து இப்போதே முடிவு செய்யுங்கள். நன்றி, வணக்கம்.