இணைப்பு உயிரோடு இருக்கிறது, நிரல் செத்துவிட்டது

வணக்கம் நண்பர்களே. மூலநிரலை எவரும் பார்த்துப் பயன்படுத்தக்கூடிய திறந்தமூலக் கைபேசிச் செயலிகளைத் தொகுக்கும் பட்டியல் ஒன்றிலிருந்து ஒரே ஒரு வரியை நீக்கக் கோரி நான் அனுப்பிய புல் ரிக்வெஸ்ட், அதாவது திருத்தக் கோரிக்கை, நேற்று ஏற்கப்பட்டுவிட்டது. ஒரு வரிக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்பீர்கள். ஆம், இந்தக் காணொளி முழுவதும் அதைப் பற்றித்தான்.

அந்த வரி காட்டிய ஐஓஎஸ் செயலி, தொடக்கநிலையினருக்கு ஏற்றது என்ற குறிப்போடு நெடுங்காலமாக நின்றுகொண்டிருந்தது. அதன் ரெப்போ, அதாவது நிரலை வைத்திருக்கும் இணையக் களஞ்சியம், திறக்கிறது; பிடித்தவர்கள் குத்தும் ஸ்டார்களும் குவிந்திருக்கின்றன. ஆனால் உள்ளே இருப்பது ஆப்பிளின் நிரல்மொழியான ஸ்விஃப்டின் பழைய 2ஆம் பதிப்பில் எழுதிய நிரல். 2016இல் வந்த ஸ்விஃப்ட் 3 ஏராளமான பெயர்களையும் இலக்கணத்தையும் மாற்றியது, ஐஓஎஸ் செயலிகளை உருவாக்கும் ஆப்பிள் மென்பொருளான எக்ஸ்கோட் 8.3 வந்தபோது பழைய ஸ்விஃப்ட் 2.3க்கான ஆதரவும் போய்விட்டது. இன்று அதைத் திறக்கும் புதியவர், திரை நிறையச் சிவப்புப் பிழைகளைப் பார்த்துவிட்டு, தனக்குத்தான் எதுவும் தெரியவில்லை என்று முடிவுகட்டிக்கொள்வார். எனக்குக் கோபம் வருவது அந்த இடத்தில்தான்.

இணைப்புகளைச் சோதிக்கும் தானியங்கி நிரல் இதைப் பிடிக்காதா? பிடிக்காது. சர்வர் 200, அதாவது 'பக்கம் கிடைக்கிறது', என்று பதில் சொன்னால் அதற்குப் போதும்; வாசலில் விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு, வீட்டில் ஆள் இருப்பதாக எழுதிக்கொண்டு போகிற கணக்கெடுப்பாளரைப் போன்றது அது.

ஒன்றைச் சொல்லாமல் தாண்டிவிட்டேன். எல்லாப் பட்டியல்களும் இப்படி இல்லை. நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் உள்ள 'ஓப்பன் சோர்ஸ் ஐஓஎஸ் ஆப்ஸ்' தொகுப்பில் பங்களிப்பாளர்கள் ரீட்மீ என்ற முகப்புப் பக்கத்தைத் தொடுவதில்லை. ஜேசன் என்ற வடிவில் உள்ள ஒரு தரவுக் கோப்பைத் திருத்துகிறார்கள், பக்கம் அதிலிருந்து தானாக உருவாகிறது. உரிமம், மொழி, சேர்த்த நாள் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் புலங்கள் உண்டு. காலாவதியானவை தனி ஆவணப் பக்கத்துக்குப் போகின்றன. இந்த அமைப்பின் மீது எனக்கு அளவுகடந்த பிரியம். ஆண்ட்ராய்டில் 2010 முதல் இயங்கும் எஃப்-டிராய்டு என்ற திறந்தமூலச் செயலிக் களஞ்சியம் இன்னும் கறாரானது: பெரும்பாலான செயலிகளை மூலநிரலிலிருந்து தானே பில்ட் செய்கிறது, விளம்பரம், பின்தொடர்தல் போன்றவை இருந்தால் எதிர்அம்சம் என்று முகத்திலேயே முத்திரை குத்திவிடுகிறது.

உரிமத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ரெப்போ பொதுவில் இருப்பதாலேயே அது திறந்தமூலம் ஆகிவிடாது; உரிமக் கோப்பு இல்லையென்றால் எல்லா உரிமையும் எழுதியவருக்கே, நீங்கள் படிக்கலாமே தவிர உங்கள் செயலியில் எடுத்துப் பயன்படுத்த முடியாது. விக்கிப்பீடியாவின் ஐஓஎஸ் செயலி எம்ஐடி உரிமத்தில் இருக்கிறது, ஃபயர்ஃபாக்ஸ் எம்பிஎல் உரிமத்தில். ஜிபிஎல் என்ற உரிமம் ஆப்பிளின் ஆப் ஸ்டோர் நிபந்தனைகளோடு ஒத்துப்போகாத சிக்கலால் 2011இல் அங்கிருந்து வெளியேறிய விஎல்சி காணொளி இயக்கி, உரிமத்தை மாற்றிக்கொண்டு 2013இல்தான் திரும்பியது. இவ்வளவு நடந்த பிறகும் உரிமத்துக்கு ஒரு புலம் ஒதுக்காத பட்டியலை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

என் கோரிக்கைக்கு வருகிறேன். நீக்க வேண்டாம், பழையவை என்ற பிரிவுக்கு மாற்றலாமே என்று பராமரிப்பாளர் முதலில் கேட்டார். அந்தப் பட்டியலில் அப்படியொரு பிரிவே இல்லை என்று சுட்டிக்காட்டினேன். வரியை நீக்கிய கையோடு பிரிவை உருவாக்கும் வேலையையும் என் தலையிலேயே கட்டிவிட்டார். அடுத்த காணொளியில் அதைத்தான் உங்கள் முன்னால் உட்கார்ந்து செய்யப்போகிறேன்.