பேய்ப்படத்துலயும் அறிவியல் புனைவுப் படத்துலயும் அரசியல் உண்மையிலேயே இருக்கா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

நேயர் ஒருத்தரோட சந்தேகம் இது: "காட்ஸில்லா மாதிரி மிருகப் படத்துல அரசியல் இருக்குன்னு சொல்றீங்க. அது எடுத்தவங்க வச்சதா, இல்ல விமர்சகர்கள் பின்னாடி ஏத்திச் சொல்றதா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

நியாயமான கேள்வி. ஏத்திச் சொல்றதும் நிறையவே நடக்குது. அதனால எனக்கு என்ன தோணுதுன்றதை விட்டுடுவோம். எடுத்துக் காட்டக்கூடிய ஆதாரம் என்ன இருக்குன்னு மட்டும் பாப்போம். காட்ஸில்லாவையே எடுத்துக்கலாம், ஏன்னா அதுல ஆதாரம் ரொம்பத் தெளிவு.

முதல்ல தேதியைப் பாருங்க. 1954 மார்ச் 1, பசிபிக் கடல்ல இருக்கற பிகினி பவளத்தீவுல அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடிச்சு சோதிச்சது. எதிர்பார்த்தது சுமார் 6 மெகாடன், வெடிச்சது 15 மெகாடன். அபாயப் பகுதின்னு அறிவிச்சிருந்த எல்லைக்கு வெளியில இருந்த 'டைகோ ஃபுகுர்யூ மாரு'ங்கிற ஜப்பான் சூரை மீன் படகு மேல கதிரியக்கச் சாம்பல் கொட்டுச்சு. படகுல 23 பேர். அது கரைக்கு வந்த பிறகு டோக்கியோ சந்தையில சூரை மீனைக் குழி வெட்டிப் புதைச்சாங்க. செப்டம்பர் 23 அந்தப் படகோட வானொலி இயக்குநர் இறந்துட்டார். இஷிரோ ஹோண்டா இயக்கின காட்ஸில்லா வந்தது அதே வருஷம் நவம்பர் 3.

இப்ப முதல் காட்சியைப் பாருங்க. ஒரு படகு. மேல்தட்டுல மாலுமிங்க ஓய்வா உக்காந்து பாட்டு வாசிச்சிட்டிருக்காங்க. திடீர்னு கடல்ல கண்ணைப் பறிக்கிற வெளிச்சம், படகு தீப்பிடிச்சு எரியுது. மிருகத்தைக் காட்டவே இல்ல. எட்டு மாசமா பேப்பர்ல அந்தச் செய்தியைப் படிச்சிட்டு வந்த ஜப்பான்காரருக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்ல. இரண்டாம் உலகப் போருக்கப்புறம் ஜப்பான்ல நடந்த அமெரிக்க ஆக்கிரமிப்புக் காலத்துல அணுகுண்டு பாதிப்பைப் பத்தி எழுதவே தணிக்கை இருந்துச்சு. ஆக்கிரமிப்பு முடிஞ்சது 1952 ஏப்ரல்லதான். அதையும் மனசுல வச்சுக்கங்க.

அடுத்த ஆதாரம்தான் என் கணக்குல ரொம்ப வலுவானது. படம் நாடு விட்டு நாடு போனப்ப எதை வெட்டினாங்க? மூலப் படம் 96 நிமிஷம். 1956ல அமெரிக்காவுக்காக ரேமண்ட் பர் என்கிற நடிகரை ஒரு அமெரிக்க நிருபரா நடிக்க வச்சு, புதுக் காட்சி எடுத்துச் சேத்தாங்க. அப்படிச் சேத்தும் மொத்தம் 80 நிமிஷம்தான். அப்படின்னா எவ்வளவு போயிருக்கும்னு பாத்துக்கங்க. ஹைட்ரஜன் குண்டுதான் மிருகத்தை எழுப்பிச்சுங்கிற வசனம் அதுலயும் இருக்கு, அதை மறைக்கல. ரயில்ல போற ஒரு பொண்ணு, கதிரியக்கம் பட்ட சூரை மீனையும் மழையையும் சொல்லி அலுத்துக்கிட்டு, நாகசாகியில இருந்து தப்பிச்சு வந்த உயிராச்சேன்னு சொல்ற இடம் காணோம். கடைசியில விஞ்ஞானி யமானே, சோதனைகள் தொடர்ந்தா இன்னொரு காட்ஸில்லா உலகத்துல எங்கேயாவது வரும்னு எச்சரிக்கிறார். அதுவும் காணோம். அதுக்குப் பதிலா உலகம் பிழைச்சுதுன்னு நிருபர் நிம்மதியா பேசி முடிக்கிறார். குண்டு இருக்கு, குண்டால பாதிக்கப்பட்டவங்க இல்ல. இனிமே வெடிக்காதேங்கிற கோரிக்கையும் இல்ல. வெட்டினவருக்கு அரசியல் நோக்கமா வியாபார நோக்கமான்னு நாம தீர்ப்புச் சொல்ல வேண்டாம். எது உறுத்தும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, அது போதும்.

இங்க பலபேர் சறுக்குற ஒரு இடம் இருக்கு. "காட்ஸில்லான்னா அணுகுண்டு, அவ்வளவுதான்"னு சமன்பாடு போட்டுடுவாங்க. அப்படிப் போட்டா பாதிப் படம் வெளிய நிக்கும். அந்த மிருகமும் குண்டால பாதிக்கப்பட்டதுதான். அதைக் கொல்லறது படத்துல வர்ற இன்னொரு விஞ்ஞானி செரிசாவா கண்டுபிடிச்ச இன்னொரு பேரழிவு ஆயுதம். இது வெளிய தெரிஞ்சா அரசியல்வாதிங்க கைக்குப் போயிடும்னு பயந்து, குறிப்பெல்லாம் எரிச்சுட்டு, கடலுக்கு அடியில தன் உயிரையும் விட்டுடறார். நாடாளுமன்றக் காட்சியில, மிருகம் குண்டால வந்துச்சுங்கிறதை மக்களுக்குச் சொல்லலாமா கூடாதான்னே பெரிய சண்டை நடக்குது. அறிவு யார் கையில இருக்கணும், உண்மையை யார் மறைக்கிறாங்க, படத்தோட அரசியல் அங்கதான் இருக்கு. மிருகத்தை மட்டும் பாத்துட்டிருந்தா இது தப்பிடும்.

சரி, எடுத்தவர் நினைக்கவே இல்லைன்னா? அதுக்கு 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்', 1968. நாயகன் பென் கறுப்பினத்தவரா இருக்கணும்னு திரைக்கதையில எழுதல. டுவேன் ஜோன்ஸ் நல்லா நடிச்சுக் காட்டினார், அதனால எடுத்தோம்னுதான் இயக்குநர் ரொமேரோ சொன்னார். ஆனா அந்த வருஷம் ஏப்ரல் 4 கறுப்பின உரிமைத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டுக் கொன்னாங்க. படம் அக்டோபர்ல திரைக்கு வந்துச்சு. ராத்திரி முழுக்க, எழுந்து நடமாடற பிணங்களோட போராடித் தப்பிச்ச பென்னை, காலையில துப்பாக்கியோட வர்ற வெள்ளைக்காரக் கும்பல் பிணம்னு நினைச்சு சுட்டுடுது. அதுக்கப்புறம் படம் ஓடறது நின்னு, பத்திரிகைப் படம் மாதிரி புள்ளி புள்ளியா அசையாத புகைப்படங்களா வருது: கொக்கி மாட்டறது, உடலை இழுக்கறது, தீ வைக்கறது. நிறவெறிக் கொலைப் புகைப்படங்களைப் பாத்த நாட்டுல அது வேற எப்படிப் போய்ச் சேரும்? நடிகர் தேர்வு, வெளியான நேரம், காட்டின விதம், மூணும் சேர்ந்து அர்த்தம் வந்துடுச்சு. இயக்குநர் வாக்குமூலம் ஒரு ஆதாரம்தான், தீர்ப்பு இல்ல.

'இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்னாட்சர்ஸ்', 1956, வேற மாதிரி. ஊர்க்காரங்க ஒவ்வொருத்தரோட இடத்தையும் உணர்ச்சியில்லாத நகல்கள் பிடிச்சுக்கற கதை. கம்யூனிஸ்ட் பயம்னும் படிக்கலாம், அமெரிக்காவுல கம்யூனிஸ்ட்னு சந்தேகப்பட்டவங்களைத் தேடிப் பிடிச்ச 'கம்யூனிஸ்ட் வேட்டை' மேல இருந்த பயம்னும் படிக்கலாம். படத்துல ரெண்டுக்கும் சாட்சி இருக்கு. அங்க ஒண்ணை மட்டும் பிடிச்சுக்கிட்டு அடம் பிடிக்காதீங்க.

நீங்களே காட்ஸில்லாவைச் சோதிச்சுப் பாக்கணும்னா, முதல்ல ஓடற நேரத்தைப் பாருங்க. 96 நிமிஷம், ஜப்பான் மொழி, வசன வரிகளோட இருக்கணும். ரேமண்ட் பர் முகம் வந்துச்சுன்னா அது 1956 பதிப்பு. அதை ரெண்டாவதா பாருங்க, ரயில் காட்சிக்கும் கடைசி வசனத்துக்கும் ஒரு பேப்பர்ல குறிப்பு எடுத்து வச்சுக்கிட்டு.