லோரி ஏர்கோன் கண்டன்சருக்கு வலை போடலாமா?

பினாங்கு பிறையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பத்து டன் லோரி ஓட்டுகிறார். ராத்திரி அலோர் ஸ்டாரில் அரிசி ஏற்றி, விடியும் முன்னே கோலாலம்பூரில் இறக்க வேண்டும். ஒன்றரை வருடத்தில் இரண்டு கண்டன்சர் (ஏர்கோன் கேஸின் சூட்டைக் காற்றில் விடும் பாகம்) மாற்றிவிட்டாராம். முதலாவதில் கல் அடித்து ஓட்டை. இரண்டாவதில் பூச்சி அப்பிக்கொண்டது; கழுவப் போய் அதன் மெல்லிய தகடுகளான ஃபின் எல்லாம் மடங்கிவிட்டது. "ஒரு போர்மன் கொசுவலை கட்டச் சொல்கிறார், இன்னொருவர் கட்டினால் எஞ்சின் சூடேறும் என்கிறார். யார் சொல்வது சரி அண்ணே?" என்கிறார்.

வலை போடுங்கள் தம்பி. ஆனால் கொசுவலை வேண்டாம்.

கண்டன்சர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான லோரிகளில் கிரில்லுக்குப் பின்னால், எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிறது. அதற்குப் பின்னால் டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டர், கடைசியில் ஃபேன். ஒரே காற்றுதான் இத்தனையையும் தாண்டிப் போக வேண்டும். கம்ப்ரஸர் அழுத்தி அனுப்பும் சூடான கேஸ், இந்தக் காற்றில் சூட்டை விட்டுத்தான் திரவமாகிறது. காற்று குறைந்தால் சூடு இறங்காது, அழுத்தம் ஏறும். ஏர்கோனில் ஓடும் ஆர்134ஏ கேஸ் 60 டிகிரியில் திரவமாக வேண்டும் என்றாலே சுமார் 16 பார் அழுத்தம் வந்துவிடும். அதற்கும் மேலே போய்க்கொண்டே இருந்தால் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரஸரை நிறுத்திவிடும். ஓட்டுநருக்குத் தெரிவதெல்லாம் ஏர்கோன் விட்டு விட்டு வருகிறது என்பது மட்டும். கேஸ் குறைந்துவிட்டது என்று நினைத்துக் கடையில் இன்னும் கேஸ் ஏற்றினால் நிலைமை மோசமாகும்.

இப்போது கொசுவலைக்கு வருவோம். அதன் கண் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. நூலே மூன்றில் ஒரு பங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். இது புது வலையின் கணக்கு. கெடா பக்கம் வயல் நடுவே ராத்திரி ஒரு முறை ஓட்டிவிட்டு வாருங்கள், மிச்சம் எவ்வளவு என்று தெரியும். அங்கே மூடா பாசனத் திட்டத்தில் வருடம் இரண்டு போகம் நெல். ஹெட்லைட் வெளிச்சத்துக்குப் பூச்சி வந்துகொண்டே இருக்கும். மழை விட்ட ராத்திரியில் ஈசல் வேறு. ஈசல் இறக்கையைக் கவனித்திருக்கிறீர்களா? ஈரத்தில் வலைமேல் தட்டையாகப் படிந்துகொள்ளும், டிஷ்யூ தாளை நனைத்து ஒட்டியது போல. கையால் தேய்த்தாலும் வராது, நகத்தால் உரிக்க வேண்டும்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு லோரிக்குக் கொசுவலை கட்டிக் கொடுத்தேன். ஈப்போவுக்கு முன்னால் மெனோரா சுரங்கம் ஏறும் மேட்டில், முழு லோடோடு, டெம்பரேச்சர் முள் மேலே போய்விட்டது. நல்ல வேளை, ஓட்டுநர் பார்த்து ஓரம் கட்டினார். வலையைக் கிழித்து எறிந்த பிறகுதான் முள் இறங்கியது. அந்தத் தவறு என்னுடையது. அன்றிலிருந்து அந்த வலையை நான் தொடுவதில்லை.

சரி, எதைப் போடுவது? ஹார்ட்வேர் கடையில் ஆறு மில்லிமீட்டர் கண் உள்ள கம்பி வலை கேளுங்கள், கம்பி மெல்லியதாக இருக்கட்டும். இதில் ஐந்தில் ஒரு பங்கு இடம்தான் அடைபடும். சின்னப் பூச்சி உள்ளே போகும், போகட்டும். தண்ணீர் விட்டால் வந்துவிடும். தும்பி, வண்டு, மண் லோரியிலிருந்து தெறிக்கும் ஜல்லி, கிழிந்த டயர்த் துண்டு இவையெல்லாம் வலையிலேயே நின்றுவிடும். கண்டன்சரைக் கொல்வது இந்தப் பெரிய சாமான்கள்தான்.

அடுத்தது, எங்கே கட்டுவது என்பது. கிரில்லின் பின்பக்கத்தில் கட்டுங்கள். வலைக்கும் கண்டன்சருக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளியாவது வேண்டும். ஃபினுக்குள்ளே கேபிள் டை நுழைத்துக் கட்டுகிறார்கள், பார்க்கவே வயிறு எரிகிறது. ஃபின் அலுமினியம், சிகரெட் பெட்டித் தாள் மாதிரி மெல்லியது. லோரி குலுங்கக் குலுங்க வலை உரசி டியூபையே தேய்த்துவிடும். இன்னொன்று, பட்டர்வொர்த் துறைமுகம் பக்கம் உப்புக் காற்று. ஸ்டெயின்லெஸ் வலை அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், அந்த ஈரத்தில் அலுமினியம்தான் அரித்துப் போகும். நான்கு போல்ட்டில் கழற்றி மாட்டும்படி செய்துகொள்ளுங்கள். கழற்ற முடியாத வலையை யாரும் கழுவ மாட்டார்கள்.

கழுவுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இரண்டாவது கண்டன்சர் போனது அதில்தானே. எஞ்சின் ஆறிய பிறகு, பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலந்து தெளித்துப் பத்து நிமிடம் ஊற விடுங்கள். அப்புறம் சாதாரணக் குழாய்த் தண்ணீர் போதும். கை எட்டுமானால் பின்பக்கமிருந்து முன்பக்கமாக அடியுங்கள், வந்த வழியே வெளியேறட்டும். வாட்டர் ஜெட்டைக் கிட்டே பிடித்தால் ஃபின் படுத்துவிடும். படுத்த ஃபின் வழியே காற்று போகாது. கொஞ்சம் மடங்கியதை ஃபின் சீப்பு வைத்து மெல்ல நிமிர்த்தலாம். ஆசிட் கலந்த கிளீனர் வேண்டாம்.

கூரைமேல் அல்லது சேஸி ஓரத்தில் கண்டன்சர் வைத்த லோரிகளும் உண்டு. ஓரத்தில் இருந்தால் கல் வருவது உங்கள் முன் டயரிலிருந்தே. அங்கே வலையைவிட நல்ல மட்ஃபிளாப் முக்கியம்.

வலை போட்ட பிறகு முதல் பயணத்தில் மேட்டில் டெம்பரேச்சர் முள்ளைப் பாருங்கள். முன்பு நின்ற இடத்திலேயே நின்றால் சரி. மறுநாள் காலையில் டார்ச் அடித்துக் கண்டன்சரையும் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கில் தூசி கறுப்பாக ஒட்டியிருந்தால் அங்கே கேஸ் கசிகிறது. கம்ப்ரஸர் எண்ணெய் கேஸோடுதான் வெளியே வரும். அப்படி ஏதாவது தெரிந்தால் படம் எடுத்து அனுப்புங்கள் தம்பி, பார்த்துச் சொல்கிறேன்.