பிசகிய நகல்கள்

அவையோர் அனைவருக்கும் என் வணக்கம்.

2001ஆம் ஆண்டில் நியூயார்க்கைச் சேர்ந்த தி ஸ்ட்ரோக்ஸ் குழு ‘இஸ் திஸ் இட்’ என்ற தன் முதல் ஆல்பத்தையும், டெட்ராய்ட்டைச் சேர்ந்த தி ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் தன் மூன்றாவது ஆல்பத்தையும் வெளியிட்டபோது, ராக் இசைக்கு மறுபடி உயிர் வந்துவிட்டது என்று ஒரு சாரார் கொண்டாட, பழைய இசைத்தட்டுகளைப் பார்த்து எழுதிய காப்பிதானே இது என்று இன்னொரு சாரார் முகம் சுளித்தார்கள். அறுபதுகளில் கார் கொட்டகைகளில் பழகிய அமெரிக்கப் பையன்களின் கரடுமுரடான இசைக்குக் கராஜ் ராக் என்று பெயர்; அதை மீட்டதாகக் கருதப்பட்டு, கராஜ் ராக் மறுமலர்ச்சி என்று பெயர் பெற்ற அந்த அலையின் மீது இந்தக் குற்றச்சாட்டு இன்னமும் நிற்கிறது. அதைப் பொய் என்று வாதாட நான் வரவில்லை; அவர்கள் பார்த்துத்தான் எழுதினார்கள். ஆனால் அவர்கள் எதைப் பார்த்து எழுதினார்களோ, அந்த மூலப்பிரதியே ஒரு நகல். அதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

கராஜ் ராக்கின் வேதம் போலக் கருதப்படும் ‘லூயி லூயி’ பாட்டை எடுத்துக்கொள்வோம். இதை எழுதி 1957இல் பதிவு செய்தவர் ரிச்சர்ட் பெரி என்ற கறுப்பினப் பாடகர். கடல் கடந்து வந்த ஒரு ஜமைக்கா மாலுமி, லூயி என்பவனிடம் தன் காதலியை நினைத்து உருகுவதுதான் பாட்டின் பொருள். அதன் ஆதாரத் தாளத்தை அவர் ரெனே தூஸே என்ற கியூப இசைக்கலைஞரின் சா-சா-சா என்ற நடன இசை உருப்படி ஒன்றிலிருந்து எடுத்துக்கொண்டார். நான்கு ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் ராக்கின் ராபின் ராபர்ட்ஸ் என்ற பாடகர் அதை முரட்டுத்தனமாகப் பாடிப் பதிவு செய்ய, அந்த இசைத்தட்டை ஜூக்பாக்ஸில் கேட்டுப் பாடம் செய்துகொண்டார், போர்ட்லாந்தின் தி கிங்ஸ்மென் குழுப் பாடகர் ஜாக் ஈலி. பாடம் செய்ததில் ஒரு பிசகு. நான்கு, இரண்டு என்று விழ வேண்டிய அடி, மூன்று, இரண்டு என்று அவர் மனத்தில் பதிந்துவிட்டது; அப்படியே தம் தோழர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்.

1963 ஏப்ரலில் அவர்கள் பதிவுக்கூடத்துக்குப் போனபோது மைக் உயரத்தில் தொங்கியது. ஈலி அண்ணாந்து கத்த வேண்டியிருந்தது, சொற்கள் குழறின. கித்தார் வாசிப்பு முடிந்ததும் ஓரிரு அடி முன்னதாகவே அடுத்த சரணத்தைத் தொடங்கிவிட்டு, தவறை உணர்ந்து சட்டென்று நிறுத்திக்கொள்கிறார். அந்த இடைவெளியை டிரம்ஸ் வாசிப்பவர் ஓர் உருட்டலால் இட்டு நிரப்புகிறார். திருத்தவில்லை, அப்படியே வெளியிட்டார்கள். அமெரிக்காவில் பாட்டுகளை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் அது இரண்டாம் இடம் வரை ஏறியது. குழறிய சொற்களில் ஆபாசம் ஒளிந்திருக்கிறதோ என்று அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐ பல மாதங்கள் ஆராய்ந்து, கடைசியில் என்ன பாடுகிறார் என்றே புரியவில்லை என்று கையை விரித்தது. (அரசாங்கச் செலவில் ஒரு பாட்டை இத்தனை முறை கேட்ட ரசிகர்கள் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.)

நம் இலக்கண ஆசிரியர்கள் முதல்நூல், வழிநூல் என்று பிரித்தார்கள். வழிநூல் முதல்நூலின் தடத்திலேயே நடக்கும். ஆனால் பின்வந்தவன் தனக்கு வேண்டிய விகற்பத்தைச் சேர்த்துக்கொள்வான். கிங்ஸ்மென் பாட்டில் விகற்பம் வேண்டிச் சேர்த்ததன்று, கை தவறி வந்து சேர்ந்தது. இருந்தும் பிற்காலக் குழுக்கள் முதல்நூலாக எடுத்துக்கொண்டது பெரியின் பாட்டை விட இந்தப் பிசகிய பாட்டைத்தான். 1964இல் பீட்டில்ஸ் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றிய பிறகு கார் கொட்டகைகளில் கித்தார் பழகிய பையன்களின் கதையும் இதுவே. அவர்கள் ஆங்கிலேயரைப் போல வாசிக்க முயன்றார்கள். அந்த ஆங்கிலேயரோ அமெரிக்கக் கறுப்பர்களைப் போல வாசிக்க முயன்றவர்கள்.

1972இல் லென்னி கே தொகுத்த ‘நக்கெட்ஸ்’ இரட்டை இசைத்தட்டு, அந்தப் பையன்கள் போன்றோர் விட்டுச்சென்ற சிதறல்களில் 27 பாட்டுகளைப் பொறுக்கி ஒன்றுசேர்த்தது. அதனால் பெரிய நன்மை விளைந்தது. கூடவே ஒரு சங்கடமும் வந்தது, ஏனென்றால் அன்று முதல் பிசகுக்கும் ஒரு பாடப்புத்தகம் உண்டாகிவிட்டது. 2001இன் இளைஞர்களுக்கு எந்த ஆம்ப்ளிஃபயர் எப்படி இரையும் என்பது தெரியும். தெரிந்தவன் தவறிப்போக முடியாது. மறுமலர்ச்சிக் குழுக்களின் உண்மையான இக்கட்டு இதுதான் என்பது என் கருத்து. பழைய கித்தாரையும் ஒடுங்கிய கால்சட்டையையும் தேடிப்பிடித்ததோடு நின்றுவிட்ட குழுக்கள் அன்று ஏராளம். அவற்றைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

ஸ்ட்ரோக்ஸின் ‘லாஸ்ட் நைட்’ பாட்டு, அமெரிக்க ராக் பாடகர் டாம் பெட்டியின் ‘அமெரிக்கன் கேர்ள்’ போலவே தொடங்குகிறது. அதை அக்குழுவினரே ஒப்புக்கொண்டார்கள். வாய்விட்டுச் சிரித்ததாகவும், தமக்கு வருத்தம் ஏதுமில்லை என்றும் பெட்டி 2006இல் ஒரு பேட்டியில் சொன்னார். எனக்கு அந்த ஒற்றுமையை விட, அதே ஆல்பத்தின் ‘ஹார்ட் டு எக்ஸ்ப்ளெய்ன்’ முக்கியமாகப் படுகிறது. அதில் மனிதர் கையால் வாசித்த டிரம்ஸ், இயந்திரம் வாசித்தது போல ஒலிக்கும்படி பதிவு செய்யப்பட்டிருக்கிறது. பழைமைக்காரர்கள் என்று ஏசப்பட்டவர்கள், அறுபதுகளின் பையன்கள் கனவிலும் காணாத ஒரு பொருளைப் போலி செய்கிறார்கள்.

ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் குழுவின் பாடகரும் கித்தார் கலைஞருமான ஜாக் வைட்டின் வழி வேறு. தவறு தானாக வராதென்றால், வசதியைக் குறைத்துக்கொண்டு அதற்கு வாசல் திறந்துவைப்பது அவர் உத்தி. ஆட்கள் இருவர், நிறங்கள் மூன்று, கீழ்ச் சுரங்களுக்கான பேஸ் கித்தார் கிடையாது. ‘எலிஃபன்ட்’ ஆல்பத்தின் பெரும்பகுதியைக் கணினி எதையும் தொடாமல், லண்டனின் டோ ராக் கூடத்தில் எட்டுத் தடப் பழைய டேப் கருவியில் பதிவு செய்தார்கள். அங்கே பிறந்ததுதான் ‘செவன் நேஷன் ஆர்மி’. அதன் தொடக்கத்தில் பேஸ் போலக் கேட்பது, காலால் இயக்கும் பெடல் கருவி ஒன்றால் ஒரு ஸ்தாயி கீழே இறக்கப்பட்ட சாதாரண கித்தார். இல்லாத வாத்தியத்தின் நகல் அது.

அந்த ஏழு சுரங்களை 2003இல் மிலான் நகருக்குக் கால்பந்து பார்க்கப் போன பெல்ஜியத்தின் ப்ரூஜ் அணி ரசிகர்கள் பிடித்துக்கொண்டார்கள். அவர்களிடமிருந்து ரோமா அணியின் ரசிகர்களுக்குத் தொற்றியது. 2006இல் இத்தாலி உலகக் கோப்பையை வென்றபோது நாடே அதைப் பாடியது. பாடியவர்களில் பலருக்குக் குழுவின் பெயரும் தெரியாது, பாட்டின் சொற்களும் தெரியாது. சொல் வேண்டிய இடத்தில் அவர்கள் ‘போ போ போ’ என்று வைத்துக்கொண்டார்கள்.