வயிற்று ஸ்கேன் காட்டாத இடம்

(குடியாத்தத்தில் மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் பேசியது)

அம்மாமார்களே, தங்கைகளே, வணக்கம்.

“போன வருஷம்தான் ஸ்கேன் எடுத்தேன் டாக்டர், கர்ப்பப்பை நல்லா இருக்குன்னாங்க.” பேரணாம்பட்டிலிருந்து வருகிறவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள், காட்பாடிக்காரர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். கட்டி இருந்தால் ஸ்கேனில் தெரியும். ஆனால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் தொடங்குவது அந்த வாயை மூடியிருக்கும் மேற்படலத்தில். அது ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லை. அங்கே செல்கள் மாறத் தொடங்குவதை வயிற்றின் மேல் உருட்டுகிற கருவி எப்படிக் காட்டும்? எம்.ஆர்.ஐ. எடுப்பதும் நோய் வந்த பிறகு எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்க்கத்தான்.

அப்போ எதில் தெரியும்? நேரே பார்த்தால் தெரியும். 1925-இல் ஜெர்மனியில் ஹின்செல்மன் என்ற மருத்துவர் இதற்கென்றே கால்போஸ்கோப்பை உருவாக்கினார். உருப்பெருக்கிக் கண்ணாடியும் நல்ல விளக்கும், அவ்வளவுதான். கருவி உடம்புக்கு வெளியேதான் நிற்கும். 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தொட்டு வைப்போம். லேசாக எரியலாம். ஒரு நிமிடத்தில் மாறிய இடம் வெளுத்துத் தெரியும். அப்புறம் பச்சை வெளிச்சம் போட்டால் ரத்தக்குழாய்கள் கறுப்பாக எடுத்துத் தெரியும். அவை புள்ளி புள்ளியாகவோ, மொசைக் தரை மாதிரியோ இருந்தால் விடமாட்டோம். அயோடின் தடவினால் நல்ல இடம் கரும்பழுப்பாகும், மாறிய இடம் கடுகு மஞ்சளாக நிற்கும்.

வெளுத்ததெல்லாம் புற்றுநோய் இல்லை. புண் இருந்தாலும் வெளுக்கும். சந்தேகம் வந்தால் சின்னத் துணுக்கு எடுத்துச் சோதிப்போம். மாதவிடாய் நின்றவர்களுக்கு பார்க்கவேண்டிய இடம் உள்ளே போய்விடுவதால் இந்த நோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைதான் நம்பகமானது.

கண் ஆஸ்பத்திரியில் விழித்திரையை அடுக்கடுக்காக ஒளியால் காட்ட எடுக்கும் ஓ.சி.டி. படத்தை இப்போது கர்ப்பப்பை வாய்க்கும் முயன்று பார்க்கிறார்கள். வரட்டும், நல்லதுதான். ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். திண்டுக்கல் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற செவிலியர்கள் அமிலம் வைத்து வெறுங்கண்ணால் பார்த்தே 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் இந்த நோயால் வரும் சாவை 35 சதவீதம் குறைத்தார்கள். 2007-இல் வெளிவந்த முடிவு அது.

ஆண் டாக்டர் பார்ப்பாரோ என்ற கூச்சம் வேறு. சி.எம்.சி. ஆஸ்பத்திரியை நிறுவிய டாக்டர் இடா ஸ்கடர் வேலூரில் பெண்களுக்கு வைத்தியம் தொடங்கி 120 வருஷத்துக்கு மேலாகியும் அது மட்டும் போகவில்லை! ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியரே பார்ப்பார். 30 வயது தாண்டியவர்கள் கேளுங்கள், மாதவிலக்கு நாட்களில் மட்டும் போகாதீர்கள். ஆரம்ப மாற்றம் என்றால் பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் உறையவைத்தோ சூடு வைத்தோ அழித்துவிடலாம். கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை.

சரி, கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.