குறட்டையை டொக்டரிடம் கொண்டுபோவது எப்படி?

[திரையில்: இரவு, ஒரு வீட்டின் அறை. குறட்டைச் சத்தம். திடீரென்று சத்தம் நிற்கிறது.]

இந்த அமைதியைக் கவனியுங்கள். குறட்டை நின்றுவிட்டது, இனி நிம்மதி என்று வீட்டில் நினைப்பார்கள். உண்மையில் நின்றிருப்பது மூச்சு.

[மூச்சைத் திணறி இழுக்கும் சத்தம்.]

படுத்திருப்பவருக்கு இது எதுவும் தெரியாது. காலையில் எழும்பும்போது தலையிடி, வாய் வறட்சி. பத்து மணிக்கே கதிரையில் தூங்கி விழுகிறார். இதற்குப் பெயர் ஸ்லீப் அப்னியா, அதாவது நித்திரையில் மூச்சு நின்று நின்று வருவது. நித்திரையில் தொண்டைத் தசைகள் தளர்ந்துவிடும். மெல்லிய ஸ்ட்ரோவால் பானத்தைப் பலமாக உறிஞ்சினால் ஸ்ட்ரோ ஒட்டிக்கொள்ளுமே, அப்படித்தான் மூச்சுப் பாதையும் ஒட்டிக்கொள்கிறது. இரத்தத்தில் ஒட்சிசன் குறைகிறது. மூளை பதறி ஆளை அரைகுறையாக எழுப்புகிறது, பாதை திறக்கிறது, திரும்பவும் மூடுகிறது. கடுமையாக இருப்பவர்களுக்கு மணித்தியாலத்துக்கு 30 தடவைக்கு மேல் இது நடக்கும்.

இதற்கு வீட்டில் வைத்துப் பாவிக்கும் மெஷின் இருக்கிறது, சீபாப் என்று பெயர். மாஸ்க் வழியாகக் காற்றைச் சிறு அழுத்தத்தோடு அனுப்பித் தொண்டையைத் திறந்தபடி வைத்திருக்கும். சிட்னியில் கொலின் சலிவன் என்ற டொக்டர் 1981இல் இதை உலகுக்கு அறிவித்தார். இன்றைக்கும் நடுத்தர, கடுமையான அப்னியாவுக்கு முதலில் கொடுக்கப்படும் சிகிச்சை இதுதான். கேள்வி என்னவென்றால், அந்த மெஷினை டொக்டர் எழுதித் தரும் இடம்வரைக்கும் நாம் எப்படிப் போவது?

[திரையில்: கிளினிக் வாசல், வரிசை, கையில் கொப்பிகள்.]

டொக்டருக்கு முன்னால் போய் இருப்பவர் பகலில், முழிப்போடு, நன்றாக மூச்சு விடுகிற ஆள். கிளினிக்கில் கிடைப்பதோ சில நிமிடம். 'நித்திரை சரியில்லை டொக்டர்' என்று மட்டும் சொன்னால் பேச்சு வேறு பக்கம் போய்விடும், சிலவேளை நித்திரைக் குளிசையில் போய் நிற்கும். அப்னியா இருக்கிறவருக்குச் சில நித்திரைக் குளிசைகள் தொண்டையை இன்னும் தளர்த்திவிடும். மதுவும் அதைத்தான் செய்யும். ஆகவே இரவில் நடப்பதை நீங்கள்தான் கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டும்.

முதலில் ஒரு வீடியோ. நல்லாகக் குறட்டை விடும் நேரம் பார்த்து, முகமும் நெஞ்சும் தெரியும்படி, சத்தத்தோடு போனில் ஒன்றிரண்டு நிமிடம் எடுங்கள். மூச்சு நின்று திரும்ப இழுக்கும் இடம் அதில் பதிந்தால் போதும். அடுத்தது, பக்கத்தில் படுக்கிறவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். "இவர் ராவையில மூச்சு நிண்டு போறார் டொக்டர், நான் தட்டி எழுப்புற நான்" என்று மனைவி சொல்லும் ஒரு வசனம் டொக்டருக்குப் பெரிய தகவல்.

பெண்களுக்கு இது இன்னும் கஷ்டம். குறட்டை விடுவதைச் சொல்லவே வெட்கப்படுகிறார்கள். கணவர் கட்டாரிலோ சவூதியிலோ இருந்தால் கேட்பதற்கும் ஆள் இல்லை. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இந்த ஆபத்து கூடுகிறது. களைப்பு, நித்திரைக் குறைவு, மனச்சோர்வு என்றுதான் அவர்கள் சொல்வார்கள், அப்னியா என்று யாரும் யோசிக்க மாட்டார்கள். உம்மாவோ அம்மாவோ தனியாகப் படுத்தால், பிள்ளைகளே, ஒரு இரவு போனை ரெக்கோர்டிங்கில் போட்டுப் பக்கத்தில் வையுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

பிறகு, டொக்டர் கேட்கக்கூடியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பிரஷர் இருக்கிறதா, மூன்று வகைக் குளிசை எடுத்தும் இறங்காமல் நிற்கிறதா? சீனி வருத்தம்? இரவில் எத்தனை தரம் சிறுநீர் கழிக்க எழும்புகிறீர்கள்? கழுத்துச் சுற்றளவு 40 சென்ரிமீற்றருக்கு மேலா? ஆணா, வயது 50ஐத் தாண்டிவிட்டதா? இவையெல்லாம் ஸ்டொப்-பேங் என்ற கேள்விப் பட்டியலிலும் டொக்டர்மார் வழமையாகக் கேட்பதிலும் வருபவை. மெலிந்த ஆட்களுக்கும் அப்னியா வரும், உடம்பைப் பார்த்து நீங்களே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

பகல் தூக்கத்தை அளக்க எப்வர்த் அளவுகோல் இருக்கிறது. வாசிக்கும்போது, ரீவி பார்க்கும்போது, வாகனத்தில் பயணியாகப் போகும்போது என்று எட்டு நிலைமைகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி. மொத்தம் 24. பத்துக்கு மேல் வந்தால் அது சாதாரணக் களைப்பு இல்லை. வாகனம் ஓட்டுகிறவர்கள் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். கல்முனையில் இருந்து இரவிரவாகக் கொழும்புக்கு பஸ்ஸோ லொறியோ கொண்டுபோகிற ஒருவர் ஸ்டியரிங்கில் கண் சொக்குவதை மறைத்தால், பின்னால் இருக்கும் அத்தனை பேருடைய உயிரும் அதில் இருக்கிறது.

[திரையில்: மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை குறித்த வரைபடம்.]

எங்கே போவது? ஏற்கனவே பிரஷர், சீனி கிளினிக்கில் இருப்பவர் அங்கேயே கேட்கலாம். மற்றவர்கள் ஓபிடியிலோ குடும்ப டொக்டரிடமோ காட்டி, சுவாசநோய் வைத்திய நிபுணருக்கு அல்லது ஈஎன்டி நிபுணருக்குக் கடிதம் கேளுங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை, அம்பாறை பொது வைத்தியசாலை என்று உங்களுக்குக் கிட்டிய இடத்தில் தொடங்குங்கள். கேட்க வேண்டியது நேரடியாக இதுதான்: "எனக்கு ஸ்லீப் ஸ்டடி செய்ய வேணுமா? அதை எங்க செய்யலாம், வீட்டில வச்சு செய்யலாமா?"

ஏனென்றால் ஸ்லீப் ஸ்டடி, அதாவது நித்திரையில் மூச்சை அளந்து பார்க்கும் பரிசோதனை, இல்லாமல் மெஷின் இல்லை. வீட்டுப் பரிசோதனையில் மூக்கடியில் சிறு குழாய், நெஞ்சில் பட்டி, விரலில் ஒட்சிசன் கிளிப், அவ்வளவுதான். இதயம், நுரையீரல் நோய் கடுமையாக உள்ளவர்களை ஆய்வுகூடத்தில் படுக்கவைத்துப் பார்ப்பார்கள். முடிவில் ஏஎச்ஐ என்ற எண் வரும், மணித்தியாலத்துக்கு எத்தனை தடவை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்பதுதான் அது. 5க்குக் கீழே சாதாரணம், 15 வரை இலேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. விரல் கிளிப்பில் மட்டும் ஒரு இரவு பார்த்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்று விட்டுவிடாதீர்கள்.

டொக்டர் எழுதும் துண்டில் என்ன மெஷின், நிலையான அழுத்தமா, தானாகக் கூட்டிக் குறைக்கும் ஓட்டோ வகையா, எத்தனை சென்ரிமீற்றர் நீர் அழுத்தம், எந்த மாஸ்க் என்று இருக்கிறதா பாருங்கள். வழமையான மெஷின்கள் 4 முதல் 20 வரை கொடுக்கும். மூச்சை இழுக்க ஒரு அழுத்தமும் விட வேறு அழுத்தமும் தரும் பைபாப் வேறு, காற்றில் இருந்து ஒட்சிசனைப் பிரித்துத் தரும் ஒட்சிசன் கொன்சன்ட்ரேட்டர் முற்றிலும் வேறு. ஒட்சிசன் மட்டும் ஒட்டிப்போன தொண்டையைத் திறக்காது.

லண்டனில் இருந்தோ கனடாவில் இருந்தோ சொந்தக்காரர் பாவித்த மெஷின் அனுப்பினால், அழுத்தத்தை டொக்டர் சொல்லாமல் போட்டுப் படுக்காதீர்கள். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம், உள்ளே இருக்கும் ஒலி தணிக்கும் நுரைப்பஞ்சு சிதைவதால் முதல் தலைமுறை ட்ரீம்ஸ்டேஷன் உட்படப் பல மெஷின்களைத் திரும்பப் பெற அறிவித்தது. மொடலையும் தொடர் இலக்கத்தையும் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். மாஸ்க்கைப் புதிதாகவே வாங்குங்கள்.

மெஷினில் காற்றை ஈரமாக்கும் ஈரப்பதத் தொட்டிக்கு வடித்த நீர் ஊற்றுங்கள். வாவிக்கரைக் கிணற்றுத் தண்ணீரில் உப்புப் படியும். கரண்ட் போகும் ஊர் என்றால் பற்றரி கேளுங்கள், அந்த நேரம் ஈரப்பதச் சூட்டை நிறுத்தினால் பற்றரி கூட நேரம் நிற்கும்.

முதல் இரண்டு கிழமை பலர் கழற்றி எறிகிறார்கள். மாஸ்க் பொருந்தாததுதான் பெரும்பாலும் காரணம், சைஸை மாற்றக் கேளுங்கள், பகலில் ரீவி பார்க்கும்போது போட்டுப் பழகுங்கள். இரவு முழுக்கப் போடுவதுதான் இலக்கு, நாலு மணித்தியாலத்துக்குக் குறையவே கூடாது. நோன்பு காலத்தில் சஹருக்கு எழும்பினவர் திரும்பப் படுக்கும்போதும், மத்தியான நித்திரைக்கும் போட வேண்டும். போட்ட மணித்தியாலங்களும் மிச்சம் இருக்கிற ஏஎச்ஐயும் மெஷினில் பதிவாகும். அந்தப் பதிவு உள்ள மெமரி கார்டை அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள், அழுத்தத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று டொக்டர் அதைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார். எந்த ஆபரேஷனுக்குப் போனாலும் மயக்க மருந்து கொடுக்கும் டொக்டரிடம் அப்னியா இருப்பதை முதலிலேயே சொல்லி, மெஷினையும் வார்டுக்கு எடுத்துப் போங்கள்.