அந்த இரண்டாவது நடைக்கு டெண்டரில் என்ன விலை?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பனி கொட்டினாலும் பாயைச் சுருட்டாமல் உட்கார்ந்திருக்கும் எங்கள் ஊர்ப் பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம்.

‘அரசு மருத்துவப் பணிகளைத் தனியாரிடம் ஒப்படைப்பது ஊருக்கு நல்லதா, கேடா?’ இதுதான் தலைப்பு. கேடுதான் என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய அண்ணன் பெரியாஸ்பத்திரிக் கக்கூஸைப் பற்றி ஐந்து நிமிஷம் வர்ணித்தார். மூக்கைப் பொத்திக்கொண்டே கேட்டேன். அத்தனையும் உண்மை. ஒன்றைத்தான் விட்டுவிட்டார். நம் மாநிலத்துப் பெரிய அரசு ஆஸ்பத்திரிகள் பலவற்றில் கூட்டிப் பெருக்கும் வேலை பல வருஷமாகவே கான்டிராக்ட்தான் அண்ணே! எங்கள் அணிக்குச் சாட்சி சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

எங்கம்மாவை அப்படி ஓர் அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். ராத்திரி ரெண்டு மணிக்குப் பக்கத்துக் கட்டில் பாட்டி வாந்தி எடுத்துவிட்டார். துப்புரவு அக்காவைத் தேடிக் கூட்டிவந்தேன். “ரெண்டு வார்டுக்கு நான் ஒருத்திதாம்மா. பினாயில் நாளைக்குத்தான் வரும்” என்றார். பையிலிருந்து பழைய சேலைத் துண்டை எடுத்துத் துடைத்துவிட்டுப் போனார். விடிந்ததும் கம்பெனி சூப்பர்வைசர் வந்தார். தரையையா பார்த்தார்? அக்கா யூனிஃபார்ம் போட்டிருக்கிறாரா என்று பார்த்தார், கையெழுத்து வாங்கினார், போய்விட்டார். ஒப்பந்தத்தில் யூனிஃபார்ம் இருக்கிறது. வாந்தி இல்லை.

என் கட்சி இதுதான் நடுவர் அவர்களே. ஒப்பந்தம் என்றால் எதையாவது எண்ணியாக வேண்டும். எத்தனை ஆள், எத்தனை ஸ்கேன், எத்தனை நடை. எண்ணினால்தான் பில் போட முடியும். ஆஸ்பத்திரி வேலையில் பாதி அந்த எண்ணிக்கைக்குள் வராது.

என் தம்பி மனைவிக்கு ஏழாம் மாசம். கிராம சுகாதார செவிலியர், எங்கள் ஊரில் ‘நர்ஸம்மா’ என்போம், காலையில் வீட்டுக்கு வந்தார். கதவு பூட்டியிருந்தது. ‘வீடு பூட்டு’ என்று நோட்டில் எழுதிவிட்டுப் போயிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் போன வாரம் பார்த்தபோது அவள் செருப்பை இழுத்து இழுத்து நடந்தது அந்த அம்மா மனசில் நின்றிருக்கிறது. சாயங்காலம் திரும்பவும் வந்தார். திண்ணையில் உட்காரவைத்து, கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். குழி விழுந்தது, ஏறவே இல்லை. பிரஷர் பார்த்தார். நூற்றைம்பதுக்கு நூறு. “மாத்துப் புடவை ரெண்டு எடுத்துக்க தாயி” என்றவர், வண்டி வரும்வரை நகரவில்லை. தாயும் பிள்ளையும் இன்றைக்கு நல்லா இருக்கிறார்கள். பிள்ளை இதோ முன்வரிசையில் முறுக்கு தின்றுகொண்டிருக்கிறான்.

அண்ணன் 108 வண்டியைக் காட்டினார். 2008லிருந்து தமிழ்நாட்டில் ஓடுகிறது, நடத்துவது தனியார் நிறுவனம், பணம் அரசுப் பணம். நல்ல வண்டிதான், ஒத்துக்கொள்கிறேன். போன் வந்த நேரம், வண்டி சேர்ந்த நேரம், ரெண்டையும் எண்ணிவிடலாம். ஆனால் அந்த வண்டியை வரச்சொன்ன கட்டைவிரலை எப்படி எண்ணுவீர்கள்?

‘அரசுக்கு நிர்வாகம் தெரியாது’ என்றும் சொன்னார். 1994ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் யாருடையது? அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மொத்தமாக மருந்து வாங்கி, கிட்டங்கியில் வைத்து, ஆஸ்பத்திரிக்கு ஒரு பாஸ்புக் போட்டு, அதில் கணக்கெழுதி அனுப்புகிறது. கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத்தான் தங்களுக்கும் ஒரு கழகம் வைத்துக்கொண்டன. அந்தக் கழகம் மருந்தைக் கம்பெனிகளிடம்தான் வாங்குகிறது என்பீர்கள். வாங்கட்டும். மாத்திரை எண்ணக்கூடிய சாமான். டெண்டர் விடலாம், ஆய்வகத்துக்கு அனுப்பலாம், தேறாவிட்டால் திருப்பி அனுப்பலாம். நோயாளியைத் திருப்பி அனுப்ப முடியுமா?

அடுத்து ஒரு பெரிய குண்டு போட்டார்: ‘எதிர்ப்பதெல்லாம் ஊழியர் சங்கம், மக்கள் இல்லை.’ ஸ்பெயினுக்குப் போவோம், டிக்கெட் வேண்டாம். 2012 கடைசியில் மாட்ரிட் மாநில அரசு 6 ஆஸ்பத்திரிகளின் நிர்வாகத்தையும் 27 சுகாதார நிலையங்களையும் தனியாருக்குக் கொடுக்கப்போவதாக அறிவித்தது. லா பிரின்செசா என்ற ஆஸ்பத்திரியை முதியோருக்கு மட்டும் என்று மாற்றுவதும் அதே திட்டத்தில் இருந்தது. அது இருப்பது சலமாங்கா வட்டாரத்தில். ஏழைபாழைகள் இடம் என்று நினைத்துவிடாதீர்கள், மாட்ரிட்டிலேயே வசதியானவர்கள் வாழும் பகுதி. அவர்களே தெருவில் மேசை போட்டு லட்சக்கணக்கில் கையெழுத்து வாங்கினார்கள். டாக்டர்கள் வெள்ளைக் கோட்டோடு ஊர்வலம் போக, நோயாளிகளும் கூடவே போனார்கள். ‘வெள்ளை அலை’ என்றே அதற்குப் பேர். 2013 செப்டம்பரில் நீதிமன்றம் திட்டத்தை நிறுத்திவைத்தது. 2014 ஜனவரியில் அரசே கைவிட்டது. மாநில சுகாதார அமைச்சர் ராஜினாமா செய்தார். சங்கத்துக்காரர்கள் மட்டும் கத்தினால் இது நடக்குமா?

ஸ்பெயின் தூரம் என்றால் பக்கத்து கர்நாடகம். 2025ல் விஜயபுராவில், எங்கள் மாவட்டத்துக்கு மருத்துவக் கல்லூரி வேண்டும், ஆனால் தனியார் கூட்டு வேண்டாம், முழுக்க அரசுக் கல்லூரியாக வேண்டும் என்று மாசக்கணக்கில் தர்ணாவில் உட்கார்ந்தார்கள். அரசு மருத்துவக் கல்லூரியே இல்லாத ஊர்க்காரர்கள்! கிடைத்தது போதும் என்று வாங்கிக்கொள்ளவில்லை.

‘பிடிக்காவிட்டால் கம்பெனியை மாற்றிக்கொள்ளலாம்’ என்பது கடைசி வாதம். கம்பெனிக்கு நம்மைப் பிடிக்காமல் போனால்? இங்கிலாந்தில் ஹிஞ்சிங்புரூக் ஆஸ்பத்திரியை 2012ல் சர்க்கிள் என்ற கம்பெனி எடுத்தது. அந்த நாட்டு அரசு மருத்துவத் துறை ஓர் ஆஸ்பத்திரியின் நிர்வாகத்தை முழுசாகத் தனியார் கையில் கொடுத்தது அதுதான் முதல் தடவை. ஒப்பந்தம் 10 ஆண்டுக்கு. மூன்றே ஆண்டில் கட்டுப்படி ஆகவில்லை என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டது. திரும்ப வாங்கிக்கொண்டது யார்? நிர்வாகம் தெரியாத அதே அரசுதான்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், தெரிகிறது. ஒரே ஒரு நிமிஷம் ஐயா. அடுத்துப் பேச வரும் எதிரணிச் சகோதரி கையில் ஒரு ஃபைல் வைத்திருக்கிறார், ஏதோ மாதிரி ஒப்பந்தம் போல. வந்ததும் அதைப் பிரித்து எனக்கு ஒன்றே ஒன்று காட்டட்டும். காலையில் கதவு பூட்டியிருந்த வீட்டுக்குச் சாயங்காலம் மறுபடி நடந்துபோன அந்த நடை, அதில் எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது?